ஸ்ரீபெரும்புதூரும் 2010ஆம் ஆண்டும்

ஸ்ரீபெரும்புதூருக்குச் சரித்திரத்தில் மூன்று இடங்கள் தரப்பட்டிருக்கின்றன. ராமானுஜர் பிறந்த ஊர். ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர். கார்களும் செல்போன்களும் செய்கிற ஊர். முதலாவது பக்தர்களுக்கு, இரண்டாவது பத்திரிகைகளுக்கு, மூன்றாவது அரசாங்கத்தின் முதலீட்டு விளம்பரங்களுக்கு. இவற்றுக்கு ஒன்றோடொன்று சம்பந்தம் இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. அவரவர் தமக்கு வேண்டிய நிறுத்தத்தில் இறங்கிக்கொள்கிறார்கள்.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் விழுந்து காணாமற்போன ஒரு காகிதத்தைப் பற்றி நான் பேச விரும்புகிறேன். 1988 ஜூன் 9 அன்று நியூயார்க்கில், ஐ. நா. பொதுச் சபையின் ஆயுதக் குறைப்புக்கான மூன்றாவது சிறப்புக் கூட்டத்தில், இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தி ஒரு செயல்திட்டத்தை முன்வைத்தார். இருபத்திரண்டு ஆண்டுகளில், மூன்று கட்டங்களில், உலகில் ஓர் அணு ஆயுதம்கூட இல்லாமல் செய்வது என்பது திட்டம். கடைசித் தேதி 2010.

அந்தத் தேதி வந்தது, போயிற்று. தமிழில் அதைக் குறித்து ஒரு பத்தி எழுதப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. அவர் செத்த தேதியை ஒவ்வொரு மே மாதமும் நினைவுகூர்கிறோம். அவர் சொன்ன தேதி நம் காலண்டரில் ஏறவே இல்லை. அது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் அந்தக் காகிதத்துக்கு உரிய மரியாதையைத் தந்துவிடலாம். அது மேடைப் பேச்சின் உபகாரமாக வந்த யோசனை இல்லை. 1984இல் இந்திரா காந்தி உயிரோடு இருந்தபோதே அர்ஜென்டினா, கிரீஸ், மெக்ஸிகோ, ஸ்வீடன், தான்சானியா ஆகிய நாடுகளோடு இந்தியாவும் சேர்ந்து, வல்லரசுகள் சோதனைகளை நிறுத்த வேண்டும் என்று குரல் எழுப்பியிருந்தது. 1985 ஜனவரியில் அந்த ஆறு நாடுகளின் தலைவர்கள் டெல்லியில் கூடினார்கள். நைரேரே வந்தார், ஓலோஃப் பாமே வந்தார், பாபண்ட்ரூ வந்தார். இந்திரா அதற்கு முன்பே சுடப்பட்டிருந்தார். அடுத்த ஆண்டு, 1986 பிப்ரவரியில், ஸ்டாக்ஹோமில் சினிமா பார்த்துவிட்டு மனைவியோடு வீடு திரும்பிக்கொண்டிருந்த பாமே தெருவில் சுடப்பட்டார். 1991இல் ஸ்ரீபெரும்புதூர். இதில் ஏதோ சதி இருப்பதாகச் சொல்லவரவில்லை. ஒவ்வொரு கொலைக்கும் அதனதன் காரணம். பூமியைக் காப்பாற்றப் பேசியவர்கள் தம் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத காலம் அது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

1986 அக்டோபரில் ரெய்க்யவிக்கில் ரீகனும் கோர்பசேவும் எல்லா அணு ஆயுதங்களையும் ஒழித்துவிடுவது பற்றி ஏறத்தாழ ஒத்துப்போய், கடைசியில் உடைந்து எழுந்தார்கள். நவம்பரில் கோர்பசேவ் டெல்லி வந்தார். அணு ஆயுதமும் வன்முறையும் இல்லாத உலகம் பற்றி இருவரும் ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். 1987 டிசம்பரில் நடுத்தரத் தூர ஏவுகணைகளை அழிக்க ஒப்பந்தமாயிற்று. அப்போது உலகில் இருந்த அணுகுண்டுகள் எழுபதாயிரத்துக்குச் சற்று முன்பின். இந்தச் சூழ்நிலையில்தான் 2010 என்ற எண் சொல்லப்பட்டது. அப்போது அது கற்பனையான எண்ணாகத் தோன்றியிருக்க நியாயமில்லை.

திட்டத்தில் ஒரு கூர்மையும் இருந்தது. குண்டு வைத்திருப்பவர்கள் குறைப்பார்கள், வைத்திராதவர்கள் செய்யமாட்டோம் என்று சத்தியம் செய்ய வேண்டும் என்கிற வழக்கமான ஏற்பாடு அதில் இல்லை. வைத்திருப்பவர்கள் ஒழிப்பதற்குக் காலக்கெடு ஏற்றுக்கொள்ள வேண்டும். அப்போதுதான் வாசற்படியில் நிற்பவர்கள் உள்ளே வராமல் நிற்பார்கள். இந்தியாவே வாசற்படியில் நின்றுகொண்டுதான் இதைச் சொன்னது. 1974 மே 18இல் பொக்ரானில் வெடித்தது குண்டு என்றே நாம் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குச் 'சமாதான வெடிப்பு' என்று பெயர். 1987 தொடக்கத்தில் பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி ஏ. கியூ. கான், தங்களிடமும் இருக்கிறது என்கிற பொருளில் குல்தீப் நய்யாரிடம் பேசியிருந்தார். வல்லரசுகள் நியூயார்க் உரையை மரியாதையாகக் கேட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போயின. ராஜீவும் தம் வேலையைப் பார்த்தார். ஆயுதமாக்கும் பணிக்கு அவருடைய காலத்திலேயே அனுமதி தரப்பட்டது என்று பின்னாளில் எழுதியவர் கே. சுப்பிரமணியம். நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர், இந்திய ராணுவ சிந்தனையின் பிதாமகர் என்று டெல்லியில் கொண்டாடப்பட்டவர். 1989 மே 22 அன்று அக்னி ஏவுகணை முதன்முறையாகப் பறந்தது.

இதைப் பாசாங்கு என்று சொல்வது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதவைத் திறக்கும்படி தட்டிக்கொண்டே, திறக்காவிட்டால் உடைக்க ஒரு கடப்பாரையையும் தயார் செய்துகொள்கிற மனிதனின் நிலை இது. இரண்டு செயலும் உண்மையானவை. கதவு திறக்கவில்லை, கடப்பாரை மிஞ்சியது. இதில் துயரம் உண்டு, பொய் இல்லை.

ஆனால் அதே 1988இல் அவர் போட்ட இன்னொரு கையெழுத்தைப் பற்றி இவ்வளவு தாராளமாகப் பேச முடியாது. நவம்பர் 20 அன்று டெல்லியில் கோர்பசேவோடு கூடங்குளம் ஒப்பந்தம். தலா ஆயிரம் மெகாவாட்டில் இரண்டு சோவியத் அணு உலைகள், திருநெல்வேலி மாவட்டத்தின் ராதாபுரம் தாலுகாவில், கடலோரத்தில். செர்னோபில் வெடித்து இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது.

இங்கே ஒரு சின்னத் தகவல். அன்றைக்குத் தமிழ்நாட்டில் சட்டசபை இல்லை. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் இறந்து, கட்சி ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று பிளந்து, 1988 ஜனவரி 30 முதல் ஜனாதிபதி ஆட்சி. கவர்னர் பி. சி. அலெக்ஸாண்டர். தமிழ்நாட்டு மண்ணில் இதுவரை இறங்கியதிலேயே மிகப் பெரிய சர்வதேச அணு ஒப்பந்தம் கையெழுத்தானபோது, அதைப் பற்றிக் கேள்வி கேட்கத் தமிழ்நாட்டில் ஓர் எம்.எல்.ஏ.கூட இல்லை. இருந்திருந்தால் கேட்டிருப்பாரா என்பது வேறு விஷயம். கேட்பதற்கான நாற்காலியே காலியாக இருந்தது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் வெடித்தபோதும் இங்கே ஜனாதிபதி ஆட்சிதான். அந்த ஜனவரியில் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டிருந்தது. உலக அரசியல் தமிழ்நாட்டுக்குள் இருமுறை பெரிய காலடி வைத்து நுழைந்தபோதும் வீட்டில் ஆள் இல்லை.

கேள்வி கேட்டவர்கள் கடலோரத்துக்காரர்கள். 1989 மே 1 அன்று மீனவர்களின் நடைப்பயணம் கன்னியாகுமரியில் முடிந்தபோது கூட்டத்தின் மேல் போலீஸ் சுட்டது. கூடங்குளத்தின் பெயரால் நடந்த முதல் துப்பாக்கிச் சூடு அது. நமக்கு நினைவில்லை, ஏனென்றால் அது இலக்கியத்தில் இல்லை.

1991 மே மாதத்தில் ராஜீவ் போனார். அதே டிசம்பரில் சோவியத் யூனியனே போயிற்று. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இரண்டு தரப்பில் ஒருவர் உயிரோடு இல்லை, இன்னொருவருக்கு நாடு இல்லை. சாதாரண வழக்கப்படி காகிதம் செல்லாததாகியிருக்க வேண்டும். ஜூன் மாதத்துக் காகிதம் அப்படித்தான் ஆயிற்று. நவம்பர் மாதத்துக் காகிதம் பிழைத்துக்கொண்டது. 1998 ஜூனில், பொக்ரான் வெடிப்புகள் முடிந்து ஒரே மாதத்தில், ரஷ்யா அதைப் புதுப்பித்துக் கொடுத்தது. 1988 ஏற்பாட்டின்படி எரிந்து முடிந்த எரிபொருளை அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். புதுப்பித்தபோது அது இந்தியாவிலேயே இருக்கலாம் என்றாயிற்று. கழிவு நமக்குத் தரப்பட்ட சலுகை. 2002இல் கான்கிரீட் கொட்டத் தொடங்கினார்கள்.

ஒரு மனிதன் ஒரே ஆண்டில் எழுதிய இரண்டு காகிதங்களில் ஒன்று உலகத்துக்கு வாக்குறுதி, மற்றொன்று ஒரு கிராமத்துக்கு உத்தரவு. எது நிறைவேறும் என்று ஊகிக்க அரசியல் ஞானம் தேவையில்லை.

இனி சினிமா. தமிழர்கள் அணுவைப் பற்றி யோசித்தது புத்தகத்தில் இல்லை, கொட்டகையில்தான். இலக்கியக்காரர்கள் முகம் சுளிக்க வேண்டாம். சாட்சியம் அங்கேதான் கிடைக்கிறது.

எம்.ஜி.ஆரின் 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973 மே 11இல் வெளிவந்தது. மின்னலின் சக்தியைப் பிடித்து அடைக்கக் கற்றுக்கொண்ட ஒரு தமிழ் விஞ்ஞானி, அது கெட்ட கைகளில் போய் அழிவுக்குப் பயன்படும் என்று அஞ்சிச் சூத்திரத்தை மறைத்துவிடுகிறார் என்பது கதை. மீதியெல்லாம் ஜப்பான் பொருட்காட்சி, பாட்டு, சண்டை, இரட்டை வேஷம். ஆனாலும் அந்தக் கரு சாமானியமானது இல்லை. ஓப்பன்ஹைமர்கள் செய்யத் தவறியதை முருகன் என்கிற பெயருள்ள நம் ஆள் செய்கிறார்: கண்டுபிடித்துவிட்டுக் கொடுக்க மறுக்கிறார். படம் வந்து ஓராண்டும் ஒரு வாரமும் கழித்து முதல் பொக்ரான். படம் வந்து சரியாக இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1998இல், அதே மே 11ஆம் தேதி இரண்டாவது பொக்ரான். இது தற்செயல். தற்செயல்களுக்கும் சில சமயம் நல்ல நகைச்சுவை உணர்வு இருக்கிறது.

1986இல் கமல்ஹாசனின் 'விக்ரம்'. கதை வசனத்தில் சுஜாதா. 'அக்னிபுத்திரன்' என்கிற ஏவுகணை திருடுபோகிறது. கதாநாயகன் அதை மீட்கிறான். நிஜமான அக்னி பறக்க இன்னும் மூன்றாண்டு இருந்தது. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் எஞ்ஜினியராக இருந்த சுஜாதாவுக்கு டெல்லி ஆபீஸ்களின் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிந்திருக்கும். பதின்மூன்று ஆண்டுகளில் நம் கதாநாயகன் மாறிவிட்டதைப் பாருங்கள். 1973இல் ஆயுதத்தை உலகத்திடமிருந்து மறைப்பவன் நல்லவன். 1986இல் ஆயுதத்தைத் தேசத்துக்குத் திருப்பித் தருபவன் நல்லவன். ஆயுதம் எதற்கு என்கிற கேள்வி இரண்டாவது படத்தில் எழவே இல்லை. ஏவுகணை, வீட்டில் காணாமற்போன நகையைப் போல ஆகிவிட்டது. நகை நம்முடையது, எடுத்தவன் திருடன், விஷயம் முடிந்தது.

மூன்றாவது கதாநாயகன் திரைக்கு வெளியே வந்தார். ராமேஸ்வரத்தில் பிறந்து, திருச்சியிலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் படித்த அப்துல் கலாம். 1998 பொக்ரானுக்குப் பொறுப்பேற்ற இருவரில் அவர் ஒருவர். மற்றவர் சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த ஆர். சிதம்பரம், அப்போது அணுசக்திக் கமிஷன் தலைவர். சிதம்பரத்தின் படம் எந்த ஆட்டோவின் முதுகிலும் இல்லை. கலாமுடையது இருக்கிறது, கனவு காணச் சொல்லும் வாசகத்தோடு. அவருடைய எளிமையும் வீணையும் குழந்தைகளோடு அவர் பேசிய விதமும் பாசாங்கில்லாதவை; அதனால்தான் அவை இவ்வளவு தூரம் வேலை செய்தன. குண்டு என்கிற விஷயம் ஒரு நல்ல மனிதரின் நல்ல குணத்துக்குள் கரைந்துபோயிற்று. அவரை மறுக்காமல் அதை மறுக்க முடியாது என்று ஆனபோது, தமிழில் மறுப்பதற்கு ஆள் இல்லாமற்போனது.

2003 அக்டோபர் 10 அன்று, ஜனாதிபதியாக இருந்த கலாம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி நினைவிடத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஏழு தூண்கள். தர்மம், சத்தியம், நியாயம், விஞ்ஞானம், தியாகம், சாந்தி, சம்ருத்தி என்று அவற்றுக்குப் பொருள். 2010க்குள் உலகில் அணு ஆயுதமே இருக்கக்கூடாது என்று கெடு வைத்தவரின் நினைவிடத்தை, கெடுவுக்கு ஏழாண்டு மீதமிருந்தபோது, இந்தியாவின் அணு ஆயுதத்தோடு பெயர் இணைந்தவர் திறந்துவைத்தார். அன்று அது யாருக்கும் முரணாகப் படவில்லை. விஞ்ஞானத்துக்கு ஒரு தூண், சாந்திக்கு ஒரு தூண். இரண்டும் ஒரே உயரம்.

நினைவிடத்தைச் சுற்றி மூன்றாவது ஸ்ரீபெரும்புதூர் வளர்ந்துகொண்டிருந்தது. ஹூண்டாய் 1996இல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998 மே மாதத்தில் பொக்ரான் வெடித்து அமெரிக்காவும் ஜப்பானும் பொருளாதாரத் தடை விதித்தன. செப்டம்பரில் சான்ட்ரோ கார் வெளிவந்தது, ஷாருக்கானின் சிரிப்போடு. உலகத்தின் கோபம் எத்தனை மாதம் நீடிக்கும் என்பதை மூலதனம் நம்மைவிடச் சரியாகக் கணித்திருந்தது. 2006இல் நோக்கியா வந்து 2014இல் மூடிவிட்டுப் போனது. ஒரகடத்தில் வயல்களும் ஏரிக்கரைகளும் சதுரம் சதுரமாக வெட்டப்பட்டு, 2010 மார்ச்சில் ரெனோ–நிஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2012இல் டைம்லர் லாரிகள் வந்தன.

ஆக, 2010இல் இந்த வட்டாரத்தின் முக்கியச் செய்தி கார்த் தொழிற்சாலை. உலகத்தின் செய்தி, ஏப்ரலில் பிராகில் ஒபாமாவும் மெத்வதேவும் போட்ட ஒப்பந்தம்: ஆளுக்கு 1550 குண்டுகளுக்கு மேல் தயார் நிலையில் வைப்பதில்லை. பூஜ்யம் வந்திருக்க வேண்டிய ஆண்டில் 1550க்குக் கைதட்டினோம். இந்தியாவின் செய்தி, ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அணு விபத்து நஷ்டஈட்டுச் சட்டம். போபால் வழக்கில் அந்த ஜூனில் வந்த தீர்ப்பின் கசப்பு இருந்ததால், பழுதான கருவியை விற்றவனிடமும் பணம் கேட்கலாம் என்று ஒரு பிரிவு அதில் நுழைந்தது. 1988இல் அணுவை ஒழிக்க 2010 என்று தேதி குறித்த நாடு, 2010இல் அணு வெடித்தால் யார் எவ்வளவு தருவது என்று கணக்குப் போட்டது.

இந்தத் தொழிற்சாலைகள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். இந்தச் சாலையில் அணு யுகத்தின் உலக வரைபடமே இருக்கிறது. ஜப்பானைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தென் கொரியாவில் பார்க் சுங் ஹீ எழுபதுகளில் ரகசியமாகக் குண்டுக்கு முயன்று, அமெரிக்க நெருக்கடியில் கைவிட்டார். பிரான்ஸிடமிருந்து வாங்கவிருந்த புளூட்டோனியம் பிரிக்கும் ஆலையும் அதோடு ரத்தாயிற்று. ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் பூட்டும் பாக்ஸ்கானின் தாய்நாடான தைவானும் முயன்றது. 1988 ஜனவரியில் அந்தத் திட்டத்தின் முக்கிய விஞ்ஞானி ஒருவர் அமெரிக்காவுக்குத் தப்பிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட, அது கலைக்கப்பட்டது. ராஜீவ் நியூயார்க்கில் பேசியதற்கு ஐந்து மாதம் முன்னால். இன்னொன்றும் உண்டு. டைம்லரின் ஜெர்மனி தன் கடைசி அணு உலைகளை 2023 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. தைவான் தன் கடைசி உலையை 2025 மே மாதத்தில் நிறுத்தியது. தம் வீட்டில் வேண்டாம் என்றவர்களின் தொழிற்சாலைகளுக்குத் தடையில்லா மின்சாரம் தருவதாக நாம் வாக்களித்திருக்கிறோம். அந்த மின்சாரத்தில் கல்பாக்கமும் கூடங்குளமும் கலந்திருக்கின்றன. கம்பியில் வரும்போது எது எங்கே பிறந்தது என்று பிரித்தறிய முடியாது. அதுதான் மின்சாரத்தின் வசதி.

இந்த இடத்தில்தான் தொழிற்சாலையும் அணு அரசியலும் நேராகச் சந்திக்கின்றன. 2011 மார்ச்சில் புகுஷிமா. ஆகஸ்ட், செப்டம்பரில் இடிந்தகரையில் உண்ணாவிரதம். செப்டம்பர் 22இல் தமிழக மந்திரிசபை, மக்களின் பயம் தீரும்வரை வேலையை நிறுத்தும்படி தீர்மானம் போட்டது. 2012 மார்ச் 18 சங்கரன்கோவில் இடைத்தேர்தல். மார்ச் 19 அதே மந்திரிசபை வேலை நடக்கட்டும் என்றது. பயம் தேர்தல் முடிந்த மறுநாள் தீர்ந்துவிட்டது. இடையில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும்: மின்வெட்டு. சென்னைக்கு இரண்டு மணி நேரம், வெளியூர்களுக்கு நாளில் பாதி. கோயம்புத்தூர் பட்டறைக்காரரும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் தாயாரும் இடிந்தகரைக்காரர்களைத் தம் எதிரிகளாக நினைக்கும்படி அந்த இருட்டு ஏற்பாடு செய்தது. தொழில் வெளியேறிவிடும், வேலை போய்விடும் என்றார்கள். ஒரகடம் ஒரு வாதமாகப் பயன்பட்டது.

ஆயிரக்கணக்கான பேர் மேல் தேசத்துரோக வழக்கு. கடலோரக் கிராமத்துப் பெண்கள் தேசத்துக்கு எதிராக யுத்தம் தொடுத்தவர்கள் ஆனார்கள். 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் கண்ணீர்ப்புகை. மணப்பாட்டில் ஒரு மீனவர் சுடப்பட்டுச் செத்தார். 2013 மே மாதம் சுப்ரீம் கோர்ட் உலையை அனுமதித்தது. வழக்குகளை வாபஸ் வாங்குவது பற்றியும் சொன்னது. ஜூலையில் உலை இயங்கத் தொடங்கியது.

வங்கியில் கணக்குத் தொடங்க வருகிற ஒப்பந்தத் தொழிலாளிகளின் விண்ணப்பங்கள் என் மேஜைக்கு வரும். இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். தற்போதைய முகவரி ஒரகடத்தைச் சுற்றி ஏதாவது ஓர் அறை, ஆறு பேருக்கு ஒன்று. நிரந்தர முகவரியில் திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் என்று தென்மாவட்டங்கள் அடிக்கடி வருகின்றன. மின்சாரம் போகிற வழியிலேயே பையன்களும் வருகிறார்கள். அவர்களிடம் நான் அணு அரசியல் பேசியதில்லை; கவுண்டரில் அதற்கு இடமும் இல்லை. ஆனால் உலையால் அந்தப் பக்கம் செழிக்கும் என்று சொல்லப்பட்டதும், அந்தப் பக்கத்துப் பையன்கள் அறுநூறு கிலோமீட்டர் தள்ளி வந்து அச்சாணி பொருத்துவதும் ஒரே படிவத்தில் இரண்டு கட்டங்களாக இருப்பதைப் படிக்காமல் இருக்க முடியவில்லை.

இனி நம்மைப் பற்றி. இந்தப் பக்கங்களைப் படிக்கிற முந்நூறு பேரைப் பற்றி.

தமிழில் இதற்கு ஒரு மரபே கிடையாது என்று சொல்ல முடியாது. ராஜாஜி 1954லேயே, அமெரிக்கா தானாக முன்வந்து குண்டைக் கைவிட வேண்டும் என்று நியூயார்க் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். 1962 செப்டம்பரில், 83 வயதில், காந்தி சமாதான நிறுவனத்தின் தூதுக்குழுவில் வாஷிங்டன் போய்க் கென்னடியைச் சந்தித்துச் சோதனைகளை நிறுத்தச் சொன்னார். மூன்று வாரத்தில் கியூபா நெருக்கடி. மறு ஆண்டு ஆகஸ்டில் பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தம். ராஜாஜி சொல்லித்தான் கென்னடி செய்தார் என்பது பக்தர்களின் வாதம், அது வேண்டாம். தொரப்பள்ளியில் பிறந்த ஒரு கிழவர் இந்த விஷயத்தில் தனக்குப் பேச உரிமை இருப்பதாக நினைத்தார் என்பது போதும். குலக்கல்வி விஷயத்தில் அவரை மன்னிக்காதவர்களும், நானும் அதில் ஒருவன், இந்த உரிமையுணர்வைக் கவனிக்க வேண்டும். அவருக்குப் பின் நமக்கு அது இல்லை.

நாம் காம்யுவைப் பற்றி எத்தனை கட்டுரைகள் எழுதியிருக்கிறோம்! அபத்தம், அந்நியமாதல், மெர்சோ கடற்கரையில் ஏன் சுட்டான் என்று. அதே காம்யு, ஹிரோஷிமாவுக்கு இரண்டு நாள் கழித்து, 1945 ஆகஸ்ட் 8 அன்று, பத்திரிகைகளெல்லாம் விஞ்ஞானத்தின் வெற்றியைப் பாடிக்கொண்டிருந்தபோது, தன் 'கோம்பா' பத்திரிகையில் அதைக் கண்டித்துத் தலையங்கம் எழுதினார். அந்தக் காம்யுவைத் தமிழில் நாம் அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை. கடற்கரையில் சுட்டவன் நமக்கு வேண்டியிருந்தது. மணப்பாட்டில் சுடப்பட்டவர் வேண்டியிருக்கவில்லை. இடிந்தகரைக்குப் போன எழுத்தாளர்கள் உண்டு, கையெழுத்திட்டவர்கள் உண்டு. அவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது நம் எழுத்துக்குள், நம் விமர்சனச் சொற்களுக்குள் வரவில்லை. பிரச்சாரம் என்று பயந்தோம். உருவத்தைக் காப்பாற்றினோம். இதற்கிடையில் அணு நம்மிடம் மூன்று வேஷங்களில் வந்து போயிற்று: ஸ்ரீபெரும்புதூரில் தியாகமாக, கலாமில் பெருமையாக, ஒரகடத்தில் மின்சாரமாக. தியாகத்துக்கு அஞ்சலி செலுத்தினோம், பெருமைக்குக் கைதட்டினோம், மின்சாரத்துக்குக் கட்டணம் செலுத்தினோம். கேள்வியாக அது ஒருபோதும் நம் முன் வந்து நிற்கவில்லை. கேள்வியாக அதைப் பார்த்தவர்கள் வலை பின்னுகிறவர்கள்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு புதிய அணுச் சட்டத்தை நிறைவேற்றியது. 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டமும், நான் மேலே சொன்ன 2010 நஷ்டஈட்டுச் சட்டமும் அதோடு போயின. தனியார் கம்பெனிகளும் அணு உலை நடத்தலாம். விற்றவனிடம் நஷ்டஈடு கேட்கும் அந்தப் பிரிவு இல்லை. நீளமான ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'சாந்தி' என்று வரும்படி அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரின் ஆறாவது தூண். சொல்லை நம்பிப் பிழைக்கிற நமக்கு இதுகூட உறைக்காவிட்டால் வேறு எது உறைக்கும் என்று தெரியவில்லை.

உலகில் இன்று பன்னிரண்டாயிரத்துக்குமேல் அணுகுண்டுகள். இந்தியாவிடம் சுமார் 180 என்று ஸ்டாக்ஹோம் ஆய்வு நிறுவனம் 2025இல் மதிப்பிட்டது. ஜூன் 9ஆம் தேதிக் காகிதம் எங்கே என்றால், ஐ. நா. ஆவணங்களில் பத்திரமாக இருக்கிறது. வங்கியில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. பத்தாண்டுகள் யாரும் கேட்டு வராத டெபாசிட்டை ரிசர்வ் வங்கியின் ஒரு தனி நிதிக்கு அனுப்பிவிட வேண்டும். கணக்குப் புத்தகத்திலிருந்து அது போய்விடும். ஆனால் பணம் யாருக்கும் சொந்தமாகிவிடுவதில்லை. உரியவரோ வாரிசோ எப்போது வந்து கேட்டாலும் வட்டியோடு கொடுத்தாக வேண்டும். முதிர்வுத் தேதி கடந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்ப எந்தக் குமாஸ்தாவுக்கும் அதிகாரம் இல்லை.